பழைய ஒளிப்படங்களில் தனுஷ்கோடி தொடருந்துப் பாதை

தனுஷ்கோடி தொடருந்துப் பாதை என்பது இராமேசுவரம் தீவில், பாம்பன் சந்திப்பிலிருந்து தீவின் தென்கிழக்கு முனையில் அமைந்த தனுஷ்கோடி வரை 1914 முதல் 1964 வரை இயங்கிய மீட்டர்ப் பாதை ஆகும். 1964 டிசம்பர் 22-23 இரவில் வீசிய புயலில் அழிந்த இப்பாதை அதன்பின் மீண்டும் அமைக்கப்படவில்லை. பாதையின் பெரும்பகுதியை மணல் மூடிவிட்டது; சில பகுதிகளைக் கடல் கொண்டது. எனவே பாதை எவ்வழி சென்றது, நிலையமும் இறங்குதுறையும் எவ்வாறு இருந்தன என்பவற்றை அறியப் பழைய ஒளிப்படங்கள் முக்கியமான சான்றுகளாக உள்ளன. ஆயினும் தலைமன்னார், பாம்பன் பாலம், இராமேசுவரம் ஆகிய இடங்களின் படங்களும் "தனுஷ்கோடி" என்ற பெயரிலேயே பரவுவதால், ஒரு படத்தை ஏற்குமுன் அதிலுள்ள சான்றுகளை ஆராய வேண்டியுள்ளது.

பின்னணி

பாம்பன் பாலம் 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டது. அதற்கு முன் சென்னையிலிருந்து கொழும்பு செல்வோர் தூத்துக்குடி சென்று கப்பல் ஏறினர். பாலம் திறந்தபின் சென்னையிலிருந்து தொடருந்திலேயே தனுஷ்கோடி வரை வந்து, அங்கிருந்து நீராவிக் கப்பலில் தலைமன்னார் சென்று, மீண்டும் தொடருந்தில் கொழும்பு செல்லும் வழி உருவானது. இதுவே "போட் மெயில்" என மக்களால் அழைக்கப்பட்ட பயணம் ஆகும். இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர்களில் மிகப் பலர் மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டபின் இவ்வழியாகவே கடல் கடந்தனர். ஆகவே இப்பாதையின் படங்கள் தொடருந்து ஆர்வலர்களுக்கு மட்டுமன்றி மலையகத் தமிழ்க் குடும்பங்களுக்கும் உரியவை.

அக்காலத்தில் பாம்பன் - தனுஷ்கோடி வழியே முதன்மைப் பாதை; பாம்பன் - இராமேசுவரம் வழி ஒரு கிளைப் பாதை மட்டுமே. முதன்மைப் பாதை இராமேசுவரம் ஊருக்குள் செல்லாமல் தீவின் தென்புறமாகச் சென்றது. இன்று கிளைப் பாதை மட்டும் எஞ்சியிருப்பதால், தனுஷ்கோடிப் பாதை இராமேசுவரத்திலிருந்து நீண்டு சென்றது எனப் பலர் தவறாகக் கருதுகின்றனர். எச்சங்களைத் தவறான இடத்தில் தேடுவதற்கு இதுவே முதற் காரணம்.

தனுஷ்கோடியா, தலைமன்னாரா?

கப்பலின் அருகே தொடருந்து நிற்கும் இறங்குதுறைப் படங்களே மிகுந்த குழப்பத்தைத் தருகின்றன. இரு கரைகளிலும் கடலுக்குள் நீண்ட இறங்குதுறை, அதன்மீது தண்டவாளம், பக்கத்தில் அதே கப்பல், தலையில் பெட்டியுடன் அதே வகையான பயணிகள். கப்பலின் பெயரைப் படித்துவிட்டால் கரை தெரிந்துவிடும் என எண்ணுவது தவறு. 1913 இல் கிளாசுகோவில் கட்டப்பட்ட கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் ஆகிய கப்பல்களும், பின்னர் வந்த இர்வின், கோசன் ஆகியனவும் இரு கரைகளுக்கும் மாறிமாறிச் சென்றவையே.

இங்கு உதவுவது தண்டவாள அகலம். இந்தியக் கரையில் இருந்தது 1,000 மில்லிமீட்டர் அகலமுள்ள மீட்டர்ப் பாதை. இலங்கைக் கரையில் இருந்தது 1,676 மில்லிமீட்டர் அகலமுள்ள அகலப் பாதை. தண்டவாளம் தெளிவாகத் தெரியும் படங்களில், தண்டவாள இடைவெளியையும் அதற்கு நேர்மேலே நிற்கும் பெட்டியின் அகலத்தையும் ஒப்பிடலாம். மீட்டர்ப் பாதையில் பெட்டியின் அகலம் தண்டவாள இடைவெளியைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல். பெட்டி இருபுறமும் நன்கு வெளியே நீண்டு, சிறிய காலில் நிற்கும் பெரிய உடலைப்போல் தோன்றும். அகலப் பாதையில் இது ஏறத்தாழ இரு மடங்கு அளவே. ஒளிப்படத்தில் தொலைவு கூடக்கூட அளவுகள் குறுகுவதால், இரண்டையும் ஒரே குறுக்கு நேர்க்கோட்டில் அளக்க வேண்டும். முன்புறத் தண்டவாளத்தையும் பின்புறப் பெட்டியையும் ஒப்பிட்டால் விடை பிழையாகும்.

சிலிப்பர் கட்டைகளும் ஓரளவு உதவும். இந்திய மீட்டர்ப் பாதையின் மரக்கட்டை 6 அடி (1.83 மீட்டர்) நீளமும், அகலப் பாதையின் மரக்கட்டை 9 அடி (ஏறத்தாழ 2.75 மீட்டர்) நீளமும் உடையன. எனினும் இறங்குதுறையில் கட்டைகள் பலகைகளால் மறைந்திருக்கும். மணல்வெளியில் மணலால் மூடியிருக்கும். மேலும் கட்டை நீளத்துக்கும் தண்டவாள இடைவெளிக்கும் உள்ள விகிதம் இரு பாதைகளிலும் அதிகம் வேறுபடுவதில்லை. கட்டையின் அருகே ஒரு மனிதர் நின்றால் மட்டுமே நீளத்தை மதிப்பிட முடியும்.

தண்டவாளமே தெரியாத படங்களில் பெட்டியின் முன்முகத்தை அல்லது பின்முகத்தைப் பார்க்க வேண்டும். இலங்கை அகலப் பாதைப் பெட்டிகளின் முகத்தில் இருபுறமும் இரண்டு வட்டமான மோதுதாங்கிகள் (பஃபர்) இருக்கும். நடுவில் திருகுச் சங்கிலி இருக்கும். தென்னிந்திய மீட்டர்ப் பாதைப் பெட்டிகளில் நடுவில் ஒரே மோதுதாங்கி, அதனுடன் கொக்கி இணைப்பு. படம் எவ்வளவு மங்கலாக இருந்தாலும் இந்த இரண்டு வட்டங்கள் பெரும்பாலும் தெரிந்துவிடும். கட்டுரையாளரின் கருத்தில் இதுவே எல்லாவற்றிலும் நம்பத்தக்க அடையாளம்.

பிற அடையாளங்களும் உள்ளன. இறங்குதுறையை ஒட்டிக் கலங்கரை விளக்கம் தெரிந்தால் அது தலைமன்னார். 1954 இல் இலங்கைக்கு வந்த கனடா நாட்டு டீசல் இயந்திரம் நின்றாலும் அது தலைமன்னாரே. பெயர்ப் பலகையில் சிங்கள எழுத்து இருப்பின் ஐயமே இல்லை. எழுத்துகள் இடவலம் மாறித் தெரிகின்றனவா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய கண்ணாடித் தகடுகளைத் திருப்பி வைத்து அச்சிட்ட படங்களில் கடலும் கரையும் இடம் மாறியிருக்கும்.

காலத்தைக் கணித்தல்

பெட்டியின் பக்கவாட்டில் உள்ள எழுத்துகள் காலத்தைக் காட்டக்கூடும். தென்னிந்திய இரயில்வே நிறுவனம் (எஸ். ஐ. ஆர்.) 1951 ஏப்ரல் 14 அன்று தெற்கு இரயில்வேயுடன் இணைந்தது. எனவே தெற்கு இரயில்வேயின் எழுத்து உள்ள படம் உறுதியாக 1951 க்குப் பிந்தியது. ஆனால் எஸ். ஐ. ஆர். எழுத்து இருப்பதால் மட்டும் படம் 1951 க்கு முந்தியது என முடிவுகட்ட இயலாது. எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே நாளில் வண்ணம் மாற்றப்படுவதில்லை.

பாம்பன் பாலப் படங்களில் காலத்தை எளிதில் வரையறுக்கலாம். பாலத்துக்கு இணையான சாலைப் பாலம் 1988 இல் திறக்கப்பட்டது. அச்சாலைப் பாலம் தெரியும் படமும், அதன்மீது நின்று மேலிருந்து எடுத்த படமும் தனுஷ்கோடிப் பாதை இயங்கிய காலத்தவை ஆகா. பாம்பன் பாலம் 2007 இல் அகலப் பாதையாக மாற்றப்பட்டது. அப்பழைய பாலத்தில் 2022 டிசம்பருடன் போக்குவரத்து நிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரல் 6 அன்று செங்குத்தாக உயரும் நடுப்பகுதியைக் கொண்ட புதிய பாலம் திறக்கப்பட்டது.

1964 புயலில் பழைய பாலத்தின் 145 இடைவெளிகளில் 126 இன் உத்திரங்கள் கடலில் வீழ்ந்தன. இருபுறமும் திறக்கும் ஷெர்சர் தூக்குப்பகுதி தப்பியது. பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாட்களில் பாலம் சீரமைக்கப்பட்டது. ஆகவே உத்திரங்கள் இன்றித் தூண்கள் மட்டும் நிற்கும் படங்கள், 1964 இறுதிக்கும் 1965 தொடக்கத்துக்கும் இடைப்பட்ட சில வாரங்களுக்கு உரியவை.

653 ஆம் எண் தொடருந்து

புயலன்று பாம்பனிலிருந்து புறப்பட்ட 653 ஆம் எண் பயணிகள் தொடருந்து தனுஷ்கோடியை நெருங்கும் வேளையில் கடல் அலையில் மூழ்கியது. அதில் இருந்தோர் எண்ணிக்கை 115 எனப் பொதுவாகக் கூறப்படுகிறது; பயணச்சீட்டு இன்றி வந்தோரைச் சேர்த்தால் இது மேலும் கூடும் என்பர். நிகழ்ந்தது நள்ளிரவில், கடும் புயலில். எனவே "மூழ்கும் தொடருந்து" எனக் காட்டப்படும் எந்தப் படத்தையும் ஐயத்துடனேயே அணுக வேண்டும். நீல நிறப் பெட்டிகள் பாம்பன் பாலத்தில் செல்லும் படம் இந்நிகழ்வுக்கு உரியது ஆகாது. அந்நிறம் 1990 களில் பரவலானது. கவிழ்ந்த பெட்டிகளின் வண்ணப் படமாயின், 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இலங்கையின் பெரலியவில் சிக்கிய தொடருந்தின் படமா எனப் பார்க்க வேண்டும். அங்கு 1,700 க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஓர் ஊரில் இறந்தோரின் படத்தை வேறோர் ஊரின் பெயரில் வெளியிடுவது இரு ஊர்க்காரர்களுக்கும் செய்யும் அநீதி ஆகும்.

இன்றுள்ள எச்சங்கள்

தனுஷ்கோடியில் தொடருந்து நிலையத்தின் சுவர்கள், நீர்த்தொட்டிக் கட்டிடம், தேவாலயம், அஞ்சல் நிலையம் ஆகியவற்றின் இடிபாடுகள் காணப்படுகின்றன. பவளக்கல்லால் கட்டிய சுவர்கள் உப்புக்காற்றில் ஆண்டுதோறும் உதிர்ந்து வருகின்றன. இவ்வுதிர்வு வருந்தத்தக்கது எனினும் படங்களை வரிசைப்படுத்த உதவுகிறது. ஒரே சுவரைக் காட்டும் இரு படங்களில் கற்கள் மிகுதியாக உள்ளது பழையது. வளைவு வாயில்கள் இருப்பதால் தேவாலயத்தை நிலையம் எனக் கருதிவிடுதலும் உண்டு. படத்தை நேரில் எடுத்துச் சென்று சுவரின் விளிம்போடு பொருத்திப் பார்ப்பதே சிறந்தது. 1964 புயலில் தப்பிய கோதண்டராமர் கோயில், தொலைவுப் படங்களில் திசையறிய உதவும் நிலையான புள்ளியாகும். 2017 இல் அரிச்சல்முனை வரை திறக்கப்பட்ட தார்ச்சாலையைப் பழைய தொடருந்துப் பாதை எனக் கொள்ளக் கூடாது.

இந்திய நில அளவைத் துறையின் பழைய வரைபடங்களுடன், 1960 முதல் 1972 வரை எடுக்கப்பட்டு 1995 இல் பொதுப் பார்வைக்குத் திறந்துவிடப்பட்ட அமெரிக்கக் கொரோனா செயற்கைக்கோள் படங்களையும் ஒப்பிடலாம். தொடருந்துப் பாதை சாலையைப்போல் சட்டென்று வளையாது. மணல்வெளியில் நெடுந்தொலைவு நேராகச் சென்று மெதுவாக வளையும் மேட்டுக்கோடு தெரியுமாயின், அது பாதையின் கரையாக இருக்கக்கூடும். இராமேசுவரம் - தனுஷ்கோடி இடையே 17 கிலோமீட்டர் புதிய பாதைக்கு 2019 மார்ச் 1 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. எனினும் பாதை அமைக்கப்படவில்லை. அத்திட்டம் இராமேசுவரத்திலிருந்து தொடங்குவதால், பாம்பனிலிருந்து சென்ற பழைய வழியின் புதுப்பிப்பு எனக் கூறுதல் பொருந்தாது.

குடும்பப் படங்கள்

சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தானது. இரண்டு மாதங்களுக்குள் தனுஷ்கோடி அழிந்தது. எனவே ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பியோர் கப்பலில் வந்திறங்கிய கரை இராமேசுவரமே. 1984 வரை நீடித்த இராமேசுவரம் - தலைமன்னார் சேவையில் ஓடிய இராமானுஜம் கப்பல் தெரியும் படங்களும் இவ்வகையினவே. "தனுஷ்கோடி, 1970" எனப் பின்புறம் எழுதிய படம் ஒரு வீட்டில் இருப்பின், எழுதியவர் தம் பெற்றோர் முன்பு சென்ற வழியின் பெயரையே எழுதியிருக்கக்கூடும். அவ்வெழுத்தை அழிக்காமல், சரியான இடப்பெயரை அதன் கீழே தனியே குறித்து வைப்பது நன்று.