ஏற மறுத்த வட்டு

யந்திர விசாரம் – 11

சென்ற இதழில், பரணில் தூசி படிந்து கிடந்த பழைய கணினி ஒன்றில் லினக்ஸை ஏற்றி அதற்குப் புனர்ஜன்மம் அளித்த கதையை முடித்திருந்தேன். அதைப் படித்து உற்சாகமடைந்து தன் கணினியிலும் அவ்வாறே செய்துகொண்ட என் தங்கை மகன், ஞாயிற்றுக்கிழமை காலையில், நான் இரண்டாவது காபியை ஆற்றிக்கொண்டிருந்த வேளையில், கைக்குட்டையில் சுற்றிய ஹார்ட் டிஸ்க் ஒன்றை ஏந்திக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றான்.

"மாமா, உங்க லினக்ஸை நம்பி மோசம் போயிட்டேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் ஆபீஸ் லேப்டாப்பிலே நல்லாத்தான் இருந்தது. இப்போ செத்துப்போச்சு. அப்பா அம்மா அறுபதாம் கல்யாணப் போட்டோ எல்லாம் இதிலேதான் இருக்கு. ஏதோ ரிப்பேர் கமாண்ட் இருக்காமே, ஓட்டிப் பார்த்துடலாமா?"

"முதலில் உட்கார். அதன் மேல் யாரும் எதையும் ஓட்டப் போவதில்லை" என்றேன்.

ஒரு வட்டு மவுண்ட் ஆக மறுக்கும்போது மனிதருக்கு முதலில் உண்டாவது கோபம், அடுத்து உண்டாவது அவசரம். இவ்விரண்டினாலும் அழிந்த புகைப்படங்களின் தொகை, வட்டுக்களின் இயற்கை மரணத்தால் அழிந்தவற்றுக்குக் குறைந்ததாயிராது என்பது என் அபிப்பிராயம். யந்திரம் மறுக்கிறது என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பெரும்பாலும் அக்காரணத்தை அது எங்கோ எழுதியும் வைத்திருக்கிறது. அதைப் படித்தறியும் வரையில் அவ்வட்டின் மேல் ஓரெழுத்தும் எழுதாதிருப்பதே இவ்விஷயத்தில் தலையாய தர்மம்.

மவுண்ட் என்னும் சொல்லின் பூர்வோத்தரத்தைச் சற்றே விசாரித்துவிட்டு மேலே செல்வோம். 1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வட்டு யந்திரத்தில், ஒவ்வொன்றும் இரண்டடி விட்டமுள்ள ஐம்பது தட்டுக்கள் ஒரே அச்சில் சுழன்றன. அத்தனை தட்டுக்களும் சேர்ந்து ஐம்பது லட்சம் எழுத்துக்களையே தாங்கின. அவற்றைக் கழற்றி எடுக்க வழியில்லை. 1962-இல் அதே நிறுவனம் தட்டுக்களைக் கொத்தாகக் கழற்றி மாட்டும் முறையைக் கொண்டுவந்த பிறகு, சுமார் பத்து ராத்தல் எடையுள்ள அக்கொத்தைக் கையால் தூக்கிப் பெட்டியின் மேல் ஏற்றிப் பொருத்துவது யந்திரசாலை ஊழியரின் அன்றாட வேலையாயிற்று. கைகளின் அந்த வேலைக்கு இருந்த பெயரே பின்னர் கட்டளையின் பெயராக நிலைத்தது. பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் 1969-இல் தொடங்கிய யூனிக்ஸுக்கு, 1971 நவம்பரில் தொகுக்கப்பட்ட முதல் கையேட்டிலேயே மவுண்ட் இடம்பெற்றிருக்கிறது. ஹெல்ஸிங்கியில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸை எழுதத் துணிந்தபோது அந்தச் சம்பிரதாயத்தையே சுவீகரித்துக்கொண்டார்.

அச்சம்பிரதாயத்தின் சாரம் இதுதான்: விண்டோஸில் சி, டி, ஈ என்று ஒவ்வொரு வட்டும் தனித்தனி வீடாக நிற்பதுபோல லினக்ஸில் நிற்பதில்லை, அங்கே இருப்பது ஒரே விருட்சம், புதிதாக வரும் வட்டு, அம்மரத்தின் ஏதேனும் ஒரு கிளையில், ஒட்டு மாங்கன்று கட்டுவதுபோலக் கட்டப்படுகிறது. ஒட்டுக் கட்டும் தோட்டக்காரன் கையிற் கிடைத்த குச்சியையெல்லாம் மரத்தோடு சேர்த்துக் கட்டிவிடுவதில்லை. பச்சை இருக்கிறதா, பூச்சி அரித்திருக்கிறதா என்று நகத்தால் கீறிப் பார்த்த பிறகே கட்டுகிறான். லினக்ஸ் செய்யும் பரீட்சையும் அத்தகையதே.

இனி, எங்கள் நோயாளியைக் கவனிப்போம். மருமகன் அந்த வட்டை நேரே கணினியில் செருகாமல், விசைப்பலகை, மவுஸ், கைபேசி என்று முன்னமே மூன்று சுமைகளைத் தாங்கிக்கொண்டிருந்த யு.எஸ்.பி. ஹப் ஒன்றில் செருகினான். சிறு விளக்கு எரிந்தது. உள்ளேயிருந்து 'டிக்' என்று ஓர் ஓசை. சற்றுப் பொறுத்து மீண்டும் 'டிக்'. அவன் முகம் வெளிறிற்று. நான் அதைப் பிடுங்கிக் கணினியின் பின்புறத்திலுள்ள துவாரத்தில் நேரடியாகச் செருகினேன். ஓசை நின்று, தட்டுச் சுழலும் மெல்லிய ரீங்காரம் எழுந்தது. சட்டைப்பையில் அடங்கும் இவ்வகை வட்டுக்களுக்குத் தனி மின்சாரம் கிடையாது, யு.எஸ்.பி. கம்பி கொடுப்பதையே உண்டு அவை உயிர்வாழ வேண்டும். யு.எஸ்.பி. 2.0-இன் விதிப்படி ஒரு துவாரம் 500 மில்லி ஆம்பியரும், 3.0-இன் விதிப்படி 900 மில்லி ஆம்பியரும் கொடுக்கும். நின்றுகொண்டிருக்கும் தட்டை உந்திச் சுழலவைக்கும் முதற்கணத்தில்தான் வட்டுக்கு மிகுந்த மின்சாரம் தேவைப்படுகிறது. அப்போது பசித்தால் அது எழ முயன்று விழுந்து, மறுபடி எழ முயலும். ஆகவே, நேரே செருகுவதும், கம்பியை மாற்றிப் பார்ப்பதும், கைபேசிக்கு மின்னேற்ற மட்டுமே பயன்படும் கம்பியை மறந்தும் இதற்குச் செருகாமலிருப்பதும் முதற் படி. நல்ல மின்சாரம் கிடைத்த பின்னும் அந்த 'டிக்' ஓசை தொடருமானால், வாசிக்கும் தலை பழுதாகிவிட்டது என்று கொண்டு, அக்கணமே வட்டை நிறுத்திவிட வேண்டும். அதன்பின் சுழலும் ஒவ்வொரு சுற்றும் தட்டின் மேற்பூச்சைச் சுரண்டக்கூடும். அது வீட்டு வைத்தியத்துக்கு அப்பாற்பட்ட வியாதி. தரவு மீட்கும் நிபுணரிடம் செல்வதைத் தவிர வேறு உபாயமில்லை.

சைவர்களுக்கு ஐந்தெழுத்து ஒன்று இருப்பதுபோல, லினக்ஸ்காரர்களுக்கு இக்காரியத்தில் ஐந்தெழுத்துக்கள் மூன்று உண்டு. ஆங்கில எழுத்தில் டி, எம், ஈ, எஸ், ஜி என்பது முதலாவது. கணினியின் கருவாகிய கெர்னல் தனக்குத் தானே எழுதிக்கொள்ளும் தினக்குறிப்பை அது காட்டும். நிர்வாகி அதிகாரத்தோடு அதை அடித்து, கூடவே ஒரு சிறு கோடும் டபிள்யூ என்ற எழுத்தும் சேர்த்துவிட்டால், குறிப்புக்கள் எழுதப்படும்போதே ஒவ்வொரு வரியாகக் கண்முன் வந்து விழும். வட்டைக் கழற்றி மறுபடி செருகினோம். புதிய யு.எஸ்.பி. கருவி ஒன்று வந்திருக்கிறது என்றது ஒரு வரி. இன்னாருடைய தயாரிப்பு என்றது அடுத்தது. இத்தனை கோடிச் செக்டார்கள் என்று அளவைச் சொல்லிற்று மற்றொன்று. எஸ்டிபி என்று பெயர் சூட்டி, அதனுள் எஸ்டிபி1 என்ற ஒரு பிரிவு இருப்பதையும் கூறி முடித்தது கடைசி வரி.

"பார்த்தாயா? செத்த பிணம் இவ்வளவு பேசாது" என்றேன்.

செருகியும் ஒரு வரிகூட வரவில்லையென்றால், குற்றம் கம்பியிலோ, துவாரத்திலோ, வட்டை மூடியிருக்கும் பெட்டியின் மின்சுற்றிலோ இருக்கிறதென்று அறியலாம். எந்த ரிப்பேர் கட்டளையும் அங்கே செல்லாது.

எல், எஸ், பி, எல், கே என்பது இரண்டாவது ஐந்தெழுத்து. சிறு கோட்டையும் எஃப் என்ற எழுத்தையும் அதனோடு சேர்த்தால், கணினியிலுள்ள வட்டுக்களையும் அவற்றின் பிரிவுகளையும், ஒவ்வொரு பிரிவிலும் எந்த ஃபைல் சிஸ்டம், அதாவது கோப்புக்களை அடுக்கும் முறை, ஆட்சி செய்கிறது என்பதையும் பட்டியலிட்டுத் தரும். எழுத்துச் சேர்க்காத வெறும் கட்டளை அளவைக் காட்டும். அளவைக் கண்டு மருமகன் துணுக்குற்றான்: ஒரு டெராபைட் என்று வாங்கிய வட்டு 931 ஜி என்றல்லவா காட்டுகிறது! அதில் வஞ்சனை ஏதுமில்லை; தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கி எண்ணுகிறார், இக்கட்டளை 1,024 ஆகப் பெருக்கி எண்ணுகிறது; நெல்லை இருவேறு மரக்காலால் அளந்த கணக்குத்தான். ஃபைல் சிஸ்டம் இருக்கவேண்டிய இடத்தில் என்.டி.எஃப்.எஸ். என்று கண்டிருந்தது, 1993-இல் விண்டோஸ் என்.டி.யுடன் பிறந்த முறை அது. அவ்விடம் வெறுமையாயிருந்தால் பிரிவுகளின் அட்டவணையோ, ஃபைல் சிஸ்டத்தின் தலைப்பகுதியோ சிதைந்திருக்கலாம்; பிட்லாக்கர் என்றிருந்தால் வட்டு பூட்டப்பட்டிருக்கிறது, அதற்கு வேண்டியது திறவுகோலேயன்றி வைத்தியமன்று.

மூன்றாவது ஐந்தெழுத்து மவுண்ட் தானே. அதைப் பிரயோகித்தோம். உடனே, ஃபைல் சிஸ்டத்தின் வகை தவறு, அல்லது விருப்பக் குறி தவறு, அல்லது தலைப்பகுதியாகிய சூப்பர்பிளாக் கெட்டிருக்கிறது, அல்லது எழுத்து அட்டவணையோ துணை நிரலோ காணவில்லை, அல்லது வேறேதோ பிழை என்று ஒரே மூச்சில் ஓர் அபவாதப் பட்டியலை அது ஒப்புவித்தது. இதைக் கண்டுதான் அவன் சனிக்கிழமை இரவு முழுதும் தூங்காமல் இருந்திருக்கிறான். கெட்டிருக்கிறது என்ற ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு, முன்னும் பின்னும் இருந்த அல்லதுகளை விட்டுவிட்டான்.

இந்தப் பட்டியலின் ரகசியத்தைக் கூறுகிறேன். மவுண்ட் என்பது வாசலில் நிற்கும் ஒரு சேவகன். உள்ளே தீர்மானம் செய்வது கெர்னல். மறுக்கும்போது கெர்னல் சேவகனிடம் விளக்கம் எதுவும் சொல்லி அனுப்புவதில்லை. ஓர் எண்ணை மட்டுமே கொடுத்தனுப்புகிறது. அன்று வந்த எண் 22. கொடுக்கப்பட்ட விவரம் செல்லாது என்பது அதன் பொருள். நூறு காரணங்களுக்கு அந்த ஓரெண்ணே வரக்கூடுமாகையால், சேவகன் பாவம், தனக்குத் தெரிந்த ஊகங்களையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிடுகிறான். மெய்யான காரணம் வேண்டுமானால் மீண்டும் தினக்குறிப்பைத்தான் புரட்ட வேண்டும். புரட்டினோம், அதன் கடைவரியில், இந்த வட்டுப் பிரிவு அழுக்காயிருக்கிறது, கட்டாயப்படுத்தும் குறியும் தரப்படவில்லை என்று பளிச்சென்று எழுதியிருந்தது.

அழுக்கு என்பது இங்கே ஒரு பரிபாஷை. கடையில் கணக்கப்பிள்ளை பேரேட்டைத் திறக்கும்போது ஓரத்தில் ஒரு புள்ளி வைத்து, அன்றைய வரவு செலவை எழுதி முடித்து மூடும்போது அந்தப் புள்ளியை அழித்துவிடுவதாக வைத்துக்கொள்வோம். மறுநாள் புள்ளி அழியாமலே இருந்தால், எழுதிக்கொண்டிருந்தவர் பாதியில் எழுந்து போய்விட்டார் என்றுதானே பொருள்? விண்டோஸும் வட்டின் மேல் அத்தகைய புள்ளி ஒன்றை வைக்கிறது. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல், துரிதத் தொடக்கம் என்னும் ஏற்பாட்டினால், ஷட் டவுன் என்று அழுத்தும்போது கணினி முற்றிலும் அணைவதில்லை. தன் உட்கரு இருந்த நிலையை அப்படியே வட்டில் எழுதி வைத்துவிட்டு உறங்கப் போகிறது. திறந்த பேரேடும் திறந்தபடியே இருக்கக்கூடும். வெள்ளிக்கிழமை மாலை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று லேப்டாப்பை அணைத்த கையோடு வட்டைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு ஓடிவந்ததை, இரண்டு முறை கேட்ட பிறகு மருமகன் ஒப்புக்கொண்டான்.

லினக்ஸில் என்.டி.எஃப்.எஸ்.ஐக் கையாளும் புதிய பகுதி 2021-இல், 5.15-ஆம் பதிப்பில் கெர்னலுடன் சேர்க்கப்பட்டது. அரைகுறையாக நின்ற கணக்கின் மேல் புதுக்கணக்கு எழுத அது மறுக்கிறது. படிக்க மட்டும் அனுமதி கேட்டால் தடை சொல்வதில்லை. எனவே, படிப்பதற்கு மட்டும் என்று பொருள்படும் ஆர், ஓ என்ற ஈரெழுத்துக் குறியைச் சேர்த்து மறுபடி மவுண்ட் செய்தேன். மறுமொழி எதுவும் வரவில்லை. யூனிக்ஸ் குலத்தில் மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி. மணமாலையுடன் என் தங்கையும் மைத்துனரும் திரையில் தோன்றியபோது பையன் விட்ட பெருமூச்சு சமையலறைக்குக் கேட்டிருக்கும்.

வாசகர்களில் சிலருக்கு இவ்வளவு எளிதில் முடியாது என்பதை அறிவேன். தினக்குறிப்பில் ஐ.ஓ. எரர் என்று வரிவரியாக ஓடுமானால், வட்டின் சரீரமே நோயுற்றிருக்கிறது. அப்போது ஸ்மார்ட்சிடிஎல் என்னும் கருவியால் வட்டின் சுய ஆரோக்கியக் குறிப்பை எடுத்து, 5, 197, 198 ஆகிய எண்ணுள்ள வரிகளைப் பார்க்க வேண்டும். கெட்டுப்போய் மாற்றிடம் பெற்ற செக்டார்கள், தீர்ப்புக்குக் காத்திருக்கும் செக்டார்கள், மீட்க முடியாதவை என்று அவை முறையே கூறும். இவற்றில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால், ரிப்பேர் என்ற பேச்சையே எடுக்கலாகாது. ஏனெனில் எஃப்எஸ்சிகே முதலான ரிப்பேர்க் கட்டளைகள் எல்லாமே வட்டின் மேல் எழுதுபவை. இற்றுப்போன ஏட்டில் திருத்தம் எழுதப் புகுந்தால் ஏடே கிழியும். டிடிரெஸ்கியூ என்ற கருவி அத்தகைய வட்டிலிருந்து முதலில் எளிதில் வருவனவற்றையெல்லாம் வேறொரு வட்டுக்குப் பிரதி எடுத்துக்கொண்டு, வர மறுத்த இடங்களை ஒரு வரைபடத்தில் குறித்து வைத்து, பிறகு அவற்றிடம் மட்டும் திரும்பி வந்து கெஞ்சும். வைத்தியமெல்லாம் அந்தப் பிரதிக்குத்தான். லினக்ஸின் சொந்த ஈ.எக்ஸ்.டி.4 முறையாயின், தலைப்பகுதியாகிய சூப்பர்பிளாக்கின் மாற்றுப் பிரதிகள் வட்டின் பல இடங்களில் இருக்கும், நான்கு கே.பி. பிளாக்குகள் கொண்ட சாதாரண அமைப்பில் அவற்றுள் முதலாவது 32,768-ஆம் பிளாக்கில் இருக்கும். தலை சிதைந்தாலும் பிழைக்க அங்கே வழி வைத்திருக்கிறார்கள்.

எங்கள் வட்டிலிருந்த நானூறு ஜி.பி.யும் பிரதியாவதற்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது. அழுக்குப் புள்ளியை மட்டும் துடைத்துவிடும் கருவி ஒன்று லினக்ஸிலும் உண்டாயினும், புள்ளியைத் துடைப்பதால் கணக்குச் சரியாகிவிடாது. அதைச் சரிபார்க்கும் பொறுப்பு எழுதியவருடையது. ஆகவே திங்கட்கிழமை ஆபீஸ் லேப்டாப்பில் செருகி, விண்டோஸின் செக்டிஸ்க் சோதனையை ஓட்டி, முறைப்படி எஜெக்ட் செய்துவிட்டே கழற்ற வேண்டுமென்று சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான்.

கேட்டுக்கொண்ட அதே கணத்தில், பேச்சு முடியவில்லை, அவன் வலக்கை தானாகவே நீண்டு, கம்பியைப் பற்றி இழுக்கப் போயிற்று. மணிக்கட்டைப் பிடித்தேன். படிப்பதற்கு மட்டுமே திறந்திருந்தபடியால் அன்று பிடுங்கியிருந்தாலும் நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த நுட்பம் அவன் கைக்குத் தெரியாதல்லவா?

அடுத்த இதழில்: ஒரே பிரதி என்பது பிரதியே இல்லாததற்குச் சமானம் ஏன்?

(தொடரும்)