ஈரலும் அறிவும்

பேரச்சம் வந்தால் "ஈரக்குலை நடுங்குகிறது" என்பது நம்மவர் வழக்கு. ஈரல் நடுங்குமோ நடுங்காதோ, ஈரல் கெட்டால் அறிவு தடுமாறும் என்பதைச் சென்ற ஆண்டு செம்பூரில் எங்கள் வீட்டிலேயே கண்டேன். படித்தும் எனக்குப் பயன்படாமற் போன அச் செய்தியை மன்றத்து நண்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக் கட்டுரையின் நோக்கம்.

என் பெரியப்பா 40 ஆண்டுகளுக்கு முன் திருநெல்வேலியிலிருந்து இந் நகருக்கு வந்தவர். ஒரு கம்பெனியில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். நீரிழிவு உண்டு, மதுவைத் தொட்டதில்லை. ஈரலில் கொழுப்புப் படிந்து, நாளடைவில் அது இறுகிவிட்டதென்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். அத்தகையவர் திடீரெனப் பகலெல்லாம் தூங்கினார். இரவெல்லாம் விழித்துக் கூடத்தில் உலவினார். சாந்தமே உருவான அவர் பெரியம்மாவிடம் எரிந்து விழுந்தார். கையெழுத்து மாறிப் போனதால் வங்கியில் காசோலை திரும்பி வந்தது. ஒருநாள் செம்பூரில் இறங்க வேண்டியவர் இரயிலில் மான்குர்டு வரை சென்று, வழி தெரியாமல் நின்றார். அவர் தள்ளாடி நடப்பதைக் கண்ட அண்டை வீட்டார், "வயதான காலத்தில் குடிக்கத் தொடங்கிவிட்டாரே!" என்றனர். வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன், நானும் ஐயுற்றேன்.

"நன்றாகத் தூங்கினால் சரியாகிவிடும், பெரியம்மா" என்று சொன்னவனும் நானே. வீட்டில் கிடந்த தூக்க மாத்திரை ஒன்றைக் கொடுத்தோம். மறுநாள் காலையில் அவரை எழுப்ப முடியவில்லை.

நாய்கள் கற்பித்த பாடம்

குடலிலிருந்து வரும் குருதி நேரே உடலெங்கும் பரவுவதில்லை. முதலில் ஈரலுக்குச் சென்று, அங்கே தூய்மையாகி, அதன் பின்னரே இதயத்தை அடைகிறது. ஊர் எல்லையில் உள்ள சோதனைச் சாவடி போன்றது ஈரல். 1877-இல் எக் என்னும் ரஷ்ய மருத்துவர், நாய்களில் இக் குருதியை ஈரலுக்குள் விடாமல் வேறு வழியே திருப்பும் அறுவை முறையைக் கண்டார். 1893-இல் பாவ்லவும் அவருடைய கூட்டாளிகளும் அவ்வாறு அறுவை செய்த நாய்களை ஆராய்ந்தனர். இறைச்சி உண்டபின் அந் நாய்கள் சீறின, தள்ளாடின, மயங்கி வீழ்ந்தன. குடலில் பிறக்கும் ஏதோ ஒரு நஞ்சு, ஈரலின் காவல் இல்லாதபோது மூளையைத் தாக்குகிறது என்பது விளங்கிற்று.

அந் நஞ்சுகளில் தலையாயது அம்மோனியா. நவச்சாரத்தைச் சுண்ணாம்போடு சேர்த்துத் தேய்த்தால் மூக்கைத் துளைக்குமே, அந்த வாயுதான். உணவிலுள்ள புரதத்தைக் குடலின் நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது அது உண்டாகிறது. நல்ல ஈரல் அதனை யூரியாவாக மாற்றிச் சிறுநீர் வழியே வெளியேறச் செய்கிறது. இம் மாற்றம் ஒரு சுழற்சியாக நடப்பதை 1932-இல் கிரெப்ஸும் ஹென்சிலைட்டும் விளக்கினர். அச் சுழற்சியைத் தேர்வில் பிழையின்றி வரைந்து மதிப்பெண் வாங்கியவன் நான்!

இறுகிய ஈரலில் வேலை செய்யும் உயிரணுக்கள் குறைந்துவிடுகின்றன. குருதியும் பக்கவழிகளில் புகுந்து ஈரலைத் தாண்டிப் போகிறது. மூளையில் நரம்பணுக்களைப் பேணும் விண்மீன் வடிவ உயிரணுக்கள் அம்மோனியாவை உறிஞ்சிக் குளுட்டமின் என்னும் பொருளாக்குகின்றன. அது சேரச் சேர நீரை இழுக்கிறது; உயிரணுக்கள் வீங்குகின்றன; நரம்புச் செய்திகள் குழம்புகின்றன. முதலில் தூக்கமும் குணமும் மாறும். பின்னர் நாளும் இடமும் மறக்கும். முடிவில் நினைவே தப்பும்.

மருத்துவர் கேட்ட கேள்விகள்

மருத்துவமனையில் எங்களிடம் கேட்ட கேள்விகள் இரண்டு: "மலம் கழித்து எத்தனை நாளாயிற்று? புதிதாக ஏதேனும் மாத்திரை கொடுத்தீர்களா?" நான்கு நாள் மலச்சிக்கல். மாத்திரையையும் தலைகுனிந்து சொன்னேன். மலச்சிக்கல், நோய்த்தொற்று, குடலில் குருதிக் கசிவு, உடலில் நீர் குறைதல், தூக்க மருந்து ஆகியவை இந் நோயைத் தூண்டிவிடுபவை.

கொடுத்த மருந்து லாக்டுலோஸ் என்னும் இனிப்புப் பாகு. நம் உடல் அதனைச் செரிக்காது. பெருங்குடலின் நுண்ணுயிர்கள் அதனை அமிலமாக்கும். அமிலத்தில் அம்மோனியா குருதிக்குள் புக இயலாத வடிவம் பெற்று மலத்தோடு கழியும். சற்று விழித்ததும் இரு கைகளையும் நீட்டி, மணிக்கட்டை மேல்நோக்கி நிமிர்த்தச் சொன்னார் மருத்துவர். பறவையின் சிறகு போலக் கைகள் அடித்துக்கொண்டன. இந் நோயை அறியும் எளிய அடையாளங்களுள் இது ஒன்று. மூன்றாம் நாள் பெரியப்பா என்னைப் பார்த்து, "ஏலே, காலேஜுக்குப் போகலையா?" என்றார். பெரியம்மா அழுதுவிட்டார்.

உறவினர் சிலர் கீழாநெல்லியே போதும் என்றனர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராசன் குழுவினர் 1988-இல் கீழாநெல்லியைக் கொண்டு செய்த ஆய்வு உலகின் கவனத்தை ஈர்த்தது உண்மையே. ஆனால் அது மஞ்சட்காமாலை வைரஸ் ஒன்றைப் பற்றியது. பின்வந்த ஆய்வுகள் பலவற்றில் அப் பயன் காணப்படவில்லை. மயங்கிக் கிடப்பவருக்கு அது மருந்தாகாது. பருப்பையும் பாலையும் அடியோடு நிறுத்துவது பழைய முறை. அதனால் தசை கரைந்து கேடே விளையும் என்று இன்று அறிந்துள்ளனர். இரவு படுக்குமுன் சிறிது உண்பது நன்று.

நண்பர்களே! ஈரல் நோயுள்ள பெரியவர் ஒருவர் திடீரெனக் குணம் மாறினால், அவரைப் பழிக்காதீர்கள். அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவர் குடித்து ஈரல் கெட்டவராயினும் அத் தடுமாற்றம் நோயே. பெரும்பாலும் தீர்க்கக்கூடிய நோய். தேர்வுத் தாளில் சுழற்சியை வரைந்தால் மட்டும் போதாது. கூடத்தில் இரவெல்லாம் நடப்பவரிடத்தும் அதனைக் காணக் கற்க வேண்டும். நான் சற்றுத் தாமதித்தே கற்றேன்.