ஜெயிலில் போட்டும் காமிராவை விடாத ஜெர்மன்காரர்!

வடலூர்.

நெய்வேலி சுரங்கத்தில் ராட்சத சக்கரம் மண்ணை வாரிக் கொட்டுவது இந்தப் பக்கத்து ஜனங்களுக்குப் பழகிப்போன காட்சி. முதல் சுரங்கத்துக்கு அந்த எந்திரங்கள் ஜெர்மனியில் இருந்துதான் வந்தன.

அதற்கு 30 வருஷம் முன்னாலேயே அதே ஜெர்மனியில் இருந்து பம்பாய் சினிமாவுக்கு ஒரு காமிராக்காரர் வந்தார். பெயர் ஜோசப் விர்ஷிங். மூனிச் நகரத்து வாலிபர்.

1925-ல் புத்தர் கதையை ஊமைப்படமாக எடுக்க வந்தவர் அவர். படம் முடிந்ததும் ஊர் திரும்பி, அங்கேயும் படம் பிடித்தார்.

மறுபடி அழைப்பு

1934-ல் ஹிமான்சு ராயும் தேவிகாராணியும் 'பாம்பே டாக்கீஸ்' கம்பெனியைத் தொடங்கினார்கள். காமிராவுக்குக் கூப்பிட்டது விர்ஷிங்கை! தீண்டாமைக் கொடுமையைச் சொன்ன 'அச்சுத் கன்யா' (1936) அவர் பிடித்த படம்தான்.

முள்வேலிக்குள்

1939-ல் யுத்தம் மூண்டது. ஜெர்மன்காரன் என்றாலே எதிரி என்றது வெள்ளைக்காரன் சர்க்கார். பிடித்து முகாமில் அடைத்து விட்டார்கள். காமிரா பிடித்த கை வருஷக்கணக்கில் சும்மா கிடந்தது.

விடுதலையானதும் மனுஷர் ஊருக்கா ஓடினார்? ஸ்டூடியோவுக்கே திரும்பினார்! மதுபாலா நடித்த 'மஹல்' (1949) படத்தில் இருட்டையும் வெளிச்சத்தையும் வைத்தே ஜனங்களை நடுங்க வைத்தார்.

கடைசிப் படம்

மீனாகுமாரியின் 'பாகீஸா'வைப் பாதி பிடித்திருந்தபோது, 1967-ல் பம்பாயிலேயே காலமானார். மிச்சத்தை வேறு காமிராக்காரர்கள் முடித்தார்கள். படம் 1972-ல் வெளிவந்தது.

செத்து 5 வருஷம் ஆகியும், ஒளிப்பதிவு என்று திரையில் விழுந்தது விர்ஷிங் பெயர்தான்!