எடைக்கருவியும் மனமும்

ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் மாவட்டத்தில் உள்ள சிற்றூர் ரெங்கம். இரயில் நிலையத்தையும் கடைவரிசையையும் தாண்டினால் தோட்டங்கள்தாம். முன்பு இவ்வட்டாரத்தில் பால்மரம் சீவியவர்கள், விடியுமுன்பே பெரட்டுக்கு நின்று, மரத்திற்கு மரம் நடந்து, பால்வாளி சுமந்தவர்கள். ‘பூசினாற்போல் இருக்கிறாள்’ என்பது அவர்களிடையே பாராட்டு. இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள் பள்ளிக்குப் பேருந்தில் செல்கிறார்கள். மாலையில் கைப்பேசியோடு அமர்கிறார்கள். திருமண வீட்டில், “என்னம்மா, உடம்பு போட்டுட்டே?” என்று பெரியம்மா ஒருவர் அன்போடு கேட்டாலும், அது பாராட்டாகக் காதில் விழுவதில்லை.

பள்ளியில் நடைபெறும் செகாக் உடல் தகுதிச் சோதனையிலும் இதே சங்கடம் உண்டு. எடைக்கருவி காட்டும் எண்ணை யாராவது உரக்கப் படித்துவிட்டால், ‘குண்டு’, ‘ஓமக்குச்சி’ என்ற பட்டப்பெயர்கள் அன்றே பிறந்துவிடும்.

அந்த எண் எதைச் சொல்கிறது? எடையை (கிலோகிராம்) உயரத்தின் (மீட்டர்) வர்க்கத்தால் வகுத்தால் உடல் நிறை குறியீடு கிடைக்கும். 1.6 மீட்டர் உயரமும் 60 கிலோகிராம் எடையும் உள்ளவருக்கு அது 23.4. உலகச் சுகாதார நிறுவனத்தின் பொது அளவின்படி 25 முதல்தான் கூடுதல் எடை. ஆனால், ஆசியர்களுக்கு 23 முதலே நீரிழிவு, இதய நோய் ஆபத்து கூடத் தொடங்குகிறது. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கோ இந்த எல்லைகள் பொருந்தா. வயதையும் பாலினத்தையும் கொண்டு தனி அட்டவணை உண்டு. வகுப்புத் தோழர்கள் கைப்பேசியில் கணக்குப் போட்டுத் தரும் தீர்ப்பை நம்ப வேண்டியதில்லை.

சுகாதார அமைச்சு 2022இல் பதின்ம வயதினரிடையே நடத்திய தேசிய ஆய்வில், நால்வருள் ஒருவரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்டன. ஏறக்குறைய மூவருள் ஒருவர் கூடுதல் எடையோ உடற்பருமனோ உடையவர். இவ்விரண்டும் ஒன்றையொன்று தூண்டக்கூடியவை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவின்படி, உடற்பருமன் உள்ளவருக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு 55 விழுக்காடு கூடுகிறது. மனச்சோர்வு உள்ளவருக்கு உடற்பருமன் வரும் வாய்ப்பு 58 விழுக்காடு கூடுகிறது. கவலை உறக்கத்தைக் கெடுக்கிறது. உறக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் சுரப்பு கூடும். மனம் இனிப்பையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் நாடும். கேலிக்கு அஞ்சித் திடலுக்குப் போகாதவர் மேலும் எடை கூடுவார். கேலி செய்தால் இளைப்பார்கள் என்பது வெறும் சாக்கு.

பட்டினி கிடப்பதும் தீர்வன்று. 1944இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர், உடல்நலமும் மனநலமும் வாய்ந்த 36 இளைஞர்களைக் கொண்டு ஓர் ஆய்வைத் தொடங்கினார். ஏறக்குறைய ஆறு மாதங்கள் அவர்களுக்கு உணவு வெகுவாகக் குறைக்கப்பட்டது. எடை குறைந்தது, அத்தோடு சிரிப்பும் குறைந்தது. எரிச்சல், சோர்வு, தனிமை நாட்டம் ஆகியவை தலைதூக்கின. பகலெல்லாம் உணவைப் பற்றிய நினைப்பே. உடல் நிறை குறியீடு என்ற பெயரை 1972இல் பரவச் செய்தவரும் இதே கீஸ்தான்!

எனவே, காலை உணவைத் தவிர்க்கும் மாணவி வகுப்பில் சிடுசிடுப்பது குணக்கேடு அன்று. அது பசியாகவும் இருக்கலாம். எடையை நண்பர்கள் முன்னிலையில் அறிவிக்க வேண்டாமென ஆசிரியரிடம் கேட்டுக்கொள்வதில் தவறில்லை. உணவை நினைத்தாலே அச்சம், கண்ணாடியைப் பார்க்கவே வெறுப்பு, வாரக்கணக்கில் நீளும் சோர்வு என்றால், பெற்றோரிடமோ ஆலோசக ஆசிரியரிடமோ சொல்லலாம். வீட்டில் சொல்லத் தயங்குபவர்கள், சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணாகிய 15555ஐ அழைத்துப் பேசலாம்.