காரணம் சொல்லாமல் ஒரு இரத்தப் பரிசோதனை

நாற்பத்தைந்து வயதுத் தமிழ்ப் பெண் ஒருவர் ஒஸ்லோவில் தன் குடும்ப வைத்தியரிடம் போகிறார் என்று வையுங்கள். ஓயாத சோர்வு, உடம்பு மெலிகிறது, போன மாதம் முதுகில் அக்கி. இரும்புச்சத்து, தைரொய்ட், விட்டமின் டி எல்லாம் பார்ப்பார்கள். எச்.ஐ.வி.யையும் பார்த்துவிடுவோம் என்று வைத்தியருக்குத் தோன்றாமல் போகலாம். குடும்பப் பெண், பிள்ளைகள் பல்கலைக்கழகத்தில். அவருக்கே தோன்றாதே!

கர்ப்பிணிகள் எல்லோருக்கும் நோர்வேயில் இந்தச் சோதனை செய்ய முன்வருகிறார்கள். பிள்ளைப்பேறு முடிந்த பிறகு யாரும் தேடி வந்து கேட்பதில்லை. கல்யாணமே காப்பு என்ற எண்ணத்தை புனேயில் நடத்தப்பட்டு 1997இல் வெளியான ஓர் ஆய்வு உடைத்தது. பாலியல் நோய்ச் சிகிச்சைக்கு வந்த பெண்களில் பாலியல் தொழிலில் இல்லாதவர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 13.6 வீதத்தினருக்கு எச்.ஐ.வி. இருந்தது. பெரும்பாலோர் கணவரைத் தவிர வேறு ஆணை அறியாதவர்கள்.

கணவர் ஆண்களையும் நாடுபவராக இருந்தால்? நம்மிடையே வாய்விட்டுக் கேட்கப்படாத கேள்வி இது. ஆணும் ஆணும் கொள்ளும் உறவைக் குற்றமாக்கும் இலங்கைத் தண்டனைச் சட்டத்தின் 365, 365ஏ பிரிவுகள் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இன்னும் கிடக்கின்றன. நோர்வே அதுபோன்ற தன் சட்டத்தை 1972இலேயே நீக்கியது. 2009இலிருந்து ஆணும் ஆணும் மணம் முடிக்கலாம். ஆனால் ஒரு தமிழ் ஆண் ஒஸ்லோவில் இருந்தாலும் யாழ்ப்பாணத்தின் கண்பார்வையில்தான் வாழ்கிறார். அம்மாவின் கண்ணீருக்குத் தலையாட்டித் தாலி கட்டியவர்கள் உண்டு. மனைவியிடம் சொல்ல முடியாததை அவர்கள் வைத்தியரிடமும் சொல்வதில்லை. ஆபத்து அந்த இடத்தில்தான் இருக்கிறது.

இருபாலீர்ப்பு ஒரு நோயல்ல. ஒழுங்காகச் சோதனை செய்து, தடுப்பு மாத்திரையான பிரெப் எடுக்கும் இருபாலீர்ப்பு ஆணைவிட, தாய்லாந்து விடுமுறைக்குப் போய்வந்து வாயைத் திறக்காதவரால்தான் மனைவிக்கு ஆபத்து அதிகம். பிரெப்பை 2016 இறுதியிலிருந்து நோர்வே இலவசமாகக் கொடுக்கிறது. தேவைப்பட்டால் பெண்களும் கேட்கலாம். ஆண்களோடு உறவுள்ள ஆண்களுக்கென்றே ஒஸ்லோவில் ஷெக்புங்க்ட் என்ற சோதனை நிலையமும், சிறுபான்மைப் பின்னணி கொண்ட பால்புதுமையினருக்கு ஷைவ் வார்டன் என்ற அமைப்பும் உண்டு.

மனைவி என்ன செய்வது? ஆணுறை கேட்டால், "ஏன், என்னில சந்தேகமோ உமக்கு?" என்ற பதில் வரும் வீடுகளை எனக்குத் தெரியும். கணவரின் கைபேசியைத் துழாவுவதால் பயன் ஒன்றுமில்லை. அதில் என்ன கிடைத்தாலும், கிடைக்காவிட்டாலும், உங்கள் இரத்தத்தில் என்ன இருக்கிறது என்று அது சொல்லாது. சோதனைக்கு ஆதாரமும் வேண்டாம், காரணமும் வேண்டாம். குடும்ப வைத்தியர் செய்வார். ஊர்வாய்க்குப் பயமென்றால் ஒஸ்லோ பல்கலைக்கழக வைத்தியசாலையின் ஒலாஃபியா கிளினிக் இருக்கிறது. வைத்தியரின் கடிதம் இல்லாமலே போகலாம், காசில்லை. கைவிடப்பட்ட பெண்களுக்காக இதே நகரத்தில் உழைத்த ஒலாஃபியா என்ற ஐஸ்லாந்துப் பெண்மணியின் பெயர் அது. தொற்றியிருக்கலாம் என்று அஞ்சும் உறவுக்கு ஆறு வாரம் கழித்துச் செய்யும் ஆய்வுகூடச் சோதனையை நம்பலாம். விரலில் குத்தும் உடனடிச் சோதனைக்கு மூன்று மாதம் பொறுக்க வேண்டும். நேற்றுத்தான் நடந்தது என்றால் காத்திருக்காதீர்கள். தொற்றைத் தடுக்கும் நான்கு வார மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் கொடுக்க மாட்டார்கள். அவசர வைத்தியத்துக்கு 116117.

மொழிபெயர்ப்பாளரைப் பற்றி ஒரு வார்த்தை. நம் சமூகம் சின்னது, வருகிறவர் உங்கள் மச்சாளின் தோழியாக இருக்கலாம். தொலைபேசி வழியாக, பேர்கனிலோ துரொண்ட்ஹைமிலோ இருக்கும் ஒருவரைக் கேளுங்கள். உங்கள் பெயரைச் சொல்ல வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள். மகளைக் கூட்டிப்போய்ப் பேசவைக்கும் வழக்கத்தை விட வேண்டும். பிள்ளைகளை மொழிபெயர்க்க வைப்பதைச் சட்டமும் தடுக்கிறது. வைத்தியரும் மொழிபெயர்ப்பாளரும் கணவரிடம் வாய்திறக்கக் கூடாது. தொற்று உறுதியானால் உறவில் இருந்தவர்களுக்கு அறிவிக்க வேண்டிய கடமை வரும். அதை வைத்தியரே செய்து தருவார், யாரிடமிருந்து தகவல் வந்தது என்று சொல்ல மாட்டார். ஒரே மனைவி உள்ள கணவர் ஊகித்துவிடுவார் என்பது உண்மைதான். அதனால் வீட்டில் அடி உதைக்குப் பயமிருந்தால் அதை முதலிலேயே வைத்தியரிடம் சொல்லுங்கள்.

சிகிச்சையும் இலவசம், விசா இல்லாதவருக்கும். மாத்திரையை ஒழுங்காக எடுத்து, இரத்தத்தில் வைரஸ் அளக்க முடியாத அளவுக்குக் குறைந்தால் உறவின் மூலம் பரவாது. இதை ஐரோப்பிய நாடுகள் பலவற்றின் ஜோடிகளை வைத்து 2016இல் வெளியான பார்ட்னர் ஆய்வு காட்டியது. அதில் துணைவரிடமிருந்து துணைவருக்கு ஒரு தொற்றும் கடக்கவில்லை.

எச்.ஐ.வி. இருப்பதற்காக நாட்டைவிட்டு அனுப்ப மாட்டார்கள். கணவரின் பேரில் வந்து, வீட்டில் வதைபட்டுப் பிரிகிறவருக்கு வெளிநாட்டவர் சட்டத்தின் 53ஆம் பிரிவு தனி வதிவிட அனுமதி பெற வழி தருகிறது. பாதுகாப்பான இல்லத்துக்குக் கிரிசெசென்டர் உண்டு. தொற்று இருப்பதை அறிந்தே கவனமின்றிப் பிறருக்குக் கடத்துவது குற்றவியல் சட்டத்தின் 237ஆம் பிரிவில் குற்றம். ஆனால் பொலிசுக்கு முதலில் ஓட நான் சொல்ல மாட்டேன். சோதனை முதலில்.

வைத்தியரின் வரவேற்பு மேசையில் சொல்ல இந்த ஒரு வரி போதும்: "யை வில் தெஸ்தெ மை ஃபோர் ஹிவ்." எச்.ஐ.வி. சோதனை செய்துகொள்ள விரும்புகிறேன் என்று அர்த்தம். எதற்கு என்று கேட்டால், "எல்லாம் பார்த்துக்கொள்ளத்தான்" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்காருங்கள்.