ஊரோடு ஊர் சேர்ந்தால் செலவு குறையுமா?



போன வருஷம் எங்க 'இ' பிரிவையும் 'ஈ' பிரிவையும் ஒண்ணாச் சேர்த்தாங்களே, ஞாபகம் இருக்கா? அப்போ எங்க உண்டியல்ல 240 ரூபாய் இருந்தது. சேர்க்கப் போறாங்கன்னு தெரிஞ்சதும் 'ஈ' பிரிவுக்காரங்க தங்க காசை எல்லாம் செலவு பண்ணிட்டு, கடையில கலர் பேப்பர் கடனும் வாங்கிட்டாங்க. அந்தக் கடன் எங்க காசுலதான் அடைஞ்சது. எனக்கு இன்னும் ஆறல!

இதையே ஊர்களும் செய்யும் என்று படித்தபோது ஆச்சரியமாக இருந்தது. ஸ்வீடனில் 1952இல் சுமார் 2,500 உள்ளாட்சிகளைச் சேர்த்து 1,037 ஆக்கினார்கள். சேரும் முன்பே பல ஊர்கள் கடனைக் கூட்டிக்கொண்டன. ஏன் தெரியுமா? புது நகராட்சியின் மக்களில் பத்தில் ஒரு பங்குதான் நம்ம ஊர் என்று வையுங்கள். இன்று 100 ரூபாய் கடன் வாங்கினால், நாளை நம் தலையில் விழுவது 10 ரூபாய்தான். மீதி 90 பக்கத்து ஊர்க்காரர் தலையில். ஊர் சின்னதாக ஆக ஆக, ஆசையும் அதிகம்.

ஜப்பானில் 1999இல் 3,232 உள்ளாட்சிகள் இருந்தன. 2010இல் 1,727 ஆகிவிட்டன. கிராமங்களில் ஆள் குறைந்து, வயதானவர்கள் பெருகியதால், செலவை மிச்சம் பிடிக்கத்தான் சேர்த்தார்கள். மேயர், கவுன்சிலர் சம்பளம் மிச்சமானது உண்மைதான். ஆனால் சாலையும் பாலமும் குறையுமா? மக்கள் இருந்த இடத்தில்தானே இருக்கிறார்கள்!

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். சேரும் ஊர்களுக்கு அரசு ஒரு சலுகைக் கடன் கொடுத்தது. 100 யென் வேலைக்கு 95 யென் கடன் வாங்கலாம். அதைத் திருப்பிக் கட்டும்போது அசலிலும் வட்டியிலும் 70 சதவீதத்தை அரசே ஏற்கும். விடுவார்களா? புதுக் கட்டடங்கள் எழும்பின. மானியத்தையும் 10 வருஷத்துக்குத் தனித்தனி ஊர் மாதிரியே கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். அப்புறம் 5 வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். கட்டடம் மட்டும் நின்றது, அதன் பராமரிப்புச் செலவோடு.

சேரவே மாட்டோம் என்று 2001இல் தீர்மானம் போட்டது யாமட்சுரி என்ற ஊர். புகுஷிமா மாநிலத்தில் இருக்கிறது. அப்போது சுமார் 7,000 பேர்தான் இருந்தார்கள். தனியாக நிற்க வேண்டுமென்றால் சிக்கனம் வேண்டுமே. கவுன்சிலர்களை 18இல் இருந்து 10 ஆகக் குறைத்தார்கள். 2008இல் மாதச் சம்பளத்தை நிறுத்தி, கூட்டத்துக்கு வரும் நாளுக்கு மட்டும் 30,000 யென் என்று மாற்றினார்கள்.

நூலகம் கட்டினால் புத்தகம் வாங்கக் காசில்லை. நாடு முழுக்க மக்களிடம் பழைய புத்தகம் கேட்டார்கள். நாலு லட்சத்துக்கும் மேல் வந்து குவிந்தது! 2007இல் நூலகம் திறந்தார்கள். ஊரில் ஒரு ஆளுக்கு ஐம்பது புத்தகத்துக்கு மேல் வருகிறது, நீங்களே வகுத்துப் பாருங்கள்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவன் (பழைய 'இ' பிரிவு)