ஒட்டகச்சிவிங்கிக்கு ஏன் கால் வீங்குவதில்லை?

போன மாசம் ஒரு ரிலீஸ். ரெண்டு நாள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. மூணாவது நாள் ரெண்டு காலும் வீங்கி, ஷூவே நுழையவில்லை. பயந்துபோய் டாக்டரிடம் ஓடினேன். "கெண்டைக்கால் சும்மா இருந்தா ரத்தம் எப்படிப்பா மேல ஏறும்?" என்றார்.

விஷயம் இதுதான். இதயம் தமனிகளில் ரத்தத்தை வேகமாகத் தள்ளும். ஆனால் தந்துகிகளைத் தாண்டி சிரைக்கு வரும்போது அந்த அழுத்தம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். பாதத்திலிருந்து மேலே ஏற, கெண்டைக்கால் தசை சுருங்கிச் சிரையைப் பிழிய வேண்டும். ஏறிய ரத்தம் கீழே இறங்காமல் வால்வுகள் தடுக்கும். நாம் அசையாமல் உட்கார்ந்தால் ரத்தம் தேங்கி, நீர் திசுக்களுக்குள் கசியும். அதுதான் வீக்கம்.

அப்போ நாள் முழுக்க நிற்கிற ஒட்டகச்சிவிங்கி? அதன் மூளை இதயத்துக்குச் சுமார் 2 மீட்டர் மேலே இருக்கு. அங்கே ரத்தத்தை ஏற்ற, நம்மைப்போல் ஏறக்குறைய 2 மடங்கு ரத்த அழுத்தம் வேண்டும். அதற்கேற்ப இடது கீழறைச் சுவரும் தடிமன். நமக்கு அந்த ரீடிங் வந்தா நேரா அட்மிஷன்தான்!

இதயத்துக்குக் கீழே, காலில் அழுத்தம் இன்னும் அதிகம். ஆனாலும் வீங்காது. காரணம், கீழ்க்காலை இறுக்கிப் பிடித்திருக்கும் தோல். அவ்வளவாக நெகிழாது, கசியும் நீர் தேங்க இடமே கொடுக்காது. போர் விமானிகள் போடுகிற ஜி-சூட் மாதிரி, ஆனா பிறவியிலேயே.

நமக்கு அந்தத் தோல் இல்லை. அதனால மணிக்கொரு அலாரம் வச்சிருக்கேன். இதோ அடிக்குது... இருங்க, ஒரு ரவுண்டு நடந்துட்டு வரேன்.